ஆர்15: பழைய தலைமுறையா, புதிய தலைமுறையா?

ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒன்று காஞ்சிபுரம்–வந்தவாசி சாலையில் இருக்கும் பெருநகர் என்ற எங்கள் ஊர் வழியாகப் போயிருந்தால் ஊரே அதைப் பற்றிப் பேசியிருக்கும். நிசானின் ஜிடி-ஆர் 2016 கடைசியில் இந்தியாவுக்கு வந்தபோது விலை ஏறத்தாழ 2 கோடி ரூபாய். ஒரகடத்தில் நிசானுக்கு ஆலை இருந்தும் அந்தக் கார் ஜப்பானிலிருந்துதான் வந்து இறங்கியது. பெருநகர், மானாம்பதி, உத்திரமேரூர் பக்கத்துப் பையன்களுக்கு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் வண்டி என்றால் அது இரண்டு சக்கரத்தில் ஓடுவது: யமஹா ஆர்15. அப்பாக்கள் தலைமுறைக்கு 1985-ல் வந்த ஆர்எக்ஸ்100 எப்படியோ, பிள்ளைகள் தலைமுறைக்கு இது அப்படி. ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ செய்யாறு சிப்காட்டுக்கோ வேலைக்குப் போய், முதல் வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும் கை நீளுவது பெரும்பாலும் பழைய ஆர்15 ஒன்றின் பக்கம்தான்.

அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. வி1, வி2, வி3, வி4 என்று நான்கு தலைமுறைகள் சந்தையில் இருக்கின்றன. விற்பவர், “தம்பி, வி த்ரீதான் கெத்து” என்பார். பக்கத்துத் தெரு மெக்கானிக், “பழசு மாதிரி வராதுப்பா, அதுல இருந்த இன்ஜினே வேற” என்பார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. நான் சொல்வது இதுதான்: நம் சாலைக்கு வண்டி தேடுபவர் குதிரைத்திறனைப் பார்த்துத் தலைமுறையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பிரேக்கையும் பின்சீட்டையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

நான்கு தலைமுறை

2008-ல் முதல் ஆர்15 ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான ஷோரூம் விலையில் வந்தது. 149.8 சிசி, கூலன்ட் ஓடிக் குளிர்விக்கும் இன்ஜின், நான்கு வால்வு, கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன், ஆறு கியர், முன்னும் பின்னும் டிஸ்க். அன்றைக்கு நம் சாலைகளில் ஓடிய 150 சிசி வண்டிகள் பெரும்பாலும் காற்றில் குளிர்பவை, இரண்டு வால்வு, கார்புரேட்டர், பின்னால் டிரம் பிரேக். அவற்றுக்கு நடுவே இது வேறு உலகத்திலிருந்து வந்ததுபோல இருந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமானது சேசிஸ். ஹேண்டில் பொருந்தும் தலைப்பகுதியிலிருந்து பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் வரை இரண்டு அகலமான தண்டுகள் நேராக ஓடும். இதற்கு டெல்டாபாக்ஸ் என்று பெயர். யமஹா தன் கிராண்ட் பிரீ பந்தய வண்டிகளுக்காக 1980-களில் உருவாக்கிய வடிவம் அது. வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது முறுக்கேறாமல் நிற்பது இதனால்தான். இந்தக் குணம் நான்கு தலைமுறையிலும் மாறவில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில், ஆர்15-களுக்கென்றே யமஹா தனிப் போட்டிகள் நடத்தியது.

2011-ல் வி2. இன்ஜின் அதேதான், சின்னச் சின்னத் திருத்தங்களோடு. முதல் வண்டியைப் பற்றி எல்லோரும் வைத்த புகார் பின் டயர் ஒல்லியாக இருக்கிறது என்பதே. 100 மில்லிமீட்டர் அகலம்தான். அதை 130 மில்லிமீட்டர் ரேடியல் டயராக்கினார்கள். ஸ்விங் ஆர்ம் அலுமினியத்துக்கு மாறியது, வீல்பேஸ் 1,290-லிருந்து 1,345 மில்லிமீட்டராக நீண்டது. சீட்டை இரண்டாகப் பிளந்து பின்சீட்டை மேலே தூக்கி வைத்தார்கள். பார்க்க அழகு. அதில் உட்கார வேண்டியவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

2018-ல் வந்த வி3-தான் உண்மையில் புதிய வண்டி. சிலிண்டர் விட்டம் ஒரு மில்லிமீட்டர் கூடி 58 ஆனது, 155 சிசி. கம்ப்ரஷன் 10.4-லிருந்து 11.6-க்கு உயர்ந்தது. விவிஏ என்ற ஏற்பாடு வந்தது: உள்ளிழுக்கும் வால்வுகளுக்கு இரண்டு விதமான கேம் இருக்கும். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஒன்று வேலை செய்யும். 7,400 ஆர்பிஎம் தாண்டினால் வால்வை இன்னும் உயரமாகத் திறக்கும் மற்றொன்று பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் மீட்டரில் விவிஏ என்று ஒளிரும். கூடவே எல்இடி முகப்பு விளக்கு, சிலிப்பர் கிளட்ச், 140 மில்லிமீட்டர் பின் டயர். 2019-ல் இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் வந்தது. அந்த வருடக் கடைசியில் பிஎஸ்6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிக்கேற்ற மாடல் வந்தது. சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச் அதில் சேர்ந்தது.

வி4 2021 செப்டம்பரில். முன்பக்கம் தலைகீழ் ஃபோர்க், டிராக்ஷன் கண்ட்ரோல், சில வகைகளில் கிளட்ச் பிடிக்காமலே கியர் ஏற்றும் குவிக் ஷிஃப்டர், போனோடு பேசும் மீட்டர். அந்தக் குவிக் ஷிஃப்டரைப் பற்றி ஒரு வார்த்தை: அது பந்தயத் தடத்தில் நொடியின் ஒரு துண்டை மிச்சப்படுத்துவதற்காக உருவான பொருள். மானாம்பதி கூட்டுரோட்டில் அதனால் மிச்சமாகும் நொடியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அது இருக்கிறது என்பதற்காகப் பழைய வண்டிக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

எண்களில் ஒரு வேடிக்கை

வி1, வி2 இரண்டும் 8,500 ஆர்பிஎம்மில் 17 குதிரைத்திறன். பிஎஸ்4 வி3 10,000 ஆர்பிஎம்மில் 19.3. பிஎஸ்6 வந்ததும் அது 18.6 ஆகி, வி4-ல் 18.4-க்கு வந்தது. ஆக, தலைமுறை ஏற ஏறத் திறன் கூடிக்கொண்டே போனது என்பது சரியில்லை. உச்சம் தொட்டது 2018, 2019-ல் விற்ற பிஎஸ்4 வி3. புகைக் கட்டுப்பாட்டுக்காகக் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தார்கள், அதில் தவறில்லை.

டார்க் என்கிற இழுவையைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. முதல் வண்டியில் 15 நியூட்டன் மீட்டர், அதுவும் 7,500 ஆர்பிஎம்மிலேயே. வி3-ல் 14.7, அதற்கு 8,500 வரை போக வேண்டும். வி4-ல் 14.2, மறுபடி 7,500-ல். எடையோ ஏறிக்கொண்டே வந்தது: வி1 131 கிலோ, வி4 142 கிலோ. “பழசு மாதிரி வராதுப்பா” என்ற மெக்கானிக்கின் பேச்சில் இருக்கும் பாதி உண்மை இதுதான். உலகெங்கும் ஸ்போர்ட்ஸ் வண்டிப் பிரியர்கள் இதே சண்டையைத்தான் போடுகிறார்கள். மஸ்தாவின் எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கைக் கார் 1989-ல் இலேசான வண்டியாக வந்து, அடுத்தடுத்த தலைமுறைகளில் எடை போட்டது. நான்காம் தலைமுறையில் கம்பெனியே மனம் மாறி எடையைக் குறைத்தது. ஆர்15-க்கு அந்த யோகம் இன்னும் வரவில்லை.

ஆனால் இந்தக் கணக்கை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. வி3-ன் கூடுதல் திறன் முழுக்க 7,400 ஆர்பிஎம்முக்கு மேலே இருக்கிறது. ஆறாவது கியரில் அது நெடுஞ்சாலை வேகம். காஞ்சிபுரம்–வந்தவாசி சாலையில் ஊருக்கு ஊர் வேகத்தடை, வெள்ளைக் கோடு அழிந்துபோனவை பாதி. கல்குவாரி டிப்பர் முன்னால் போனால் தூசியில் பத்தடிக்கு மேல் தெரியாது. விவிஏ எழுத்தை ஒளிரவைத்து ஓட்டும் அளவுக்கு இங்கே இடம் எங்கே இருக்கிறது? நீங்கள் தினமும் ஓட்டப்போவது 4,000 முதல் 6,000 ஆர்பிஎம் வரை. அந்த இடத்தில் நான்கு தலைமுறைக்கும் வித்தியாசம் சொற்பம்.

பிரேக்: இங்கேதான் வித்தியாசம்

அறுவடைக் காலத்தில் உத்திரமேரூர் வட்டத்துச் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தார்ச்சாலையில் பாதி நெல் காய்கிறது. மறுபாதியில் வைக்கோல். காய்கிற நெல்லைச் சுற்றிக் கல் வைத்திருப்பார்கள். இருட்டில் அது தெரியாது. வளைவுகளில் மணல் லாரி சிந்திவிட்டுப் போன பொடிமணல். ஆடு குறுக்கே வரும், நாய் வரும், கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்விளக்கே இல்லாமல் நிற்கும்.

இந்தச் சாலையில் ஏபிஎஸ் இல்லாத டிஸ்க் பிரேக்கை பதற்றத்தில் முழுதாகப் பிடித்தால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய முன்சக்கரம் நெல்மணிமீது போனால் அடுத்த நொடி நீங்கள் தரையில். ஏபிஎஸ் செய்வது ஒன்றே ஒன்று: சக்கரம் பூட்டப்போகிறது என்று சென்சார் சொன்னதும் பிரேக் அழுத்தத்தை விட்டுவிட்டுப் பிடிக்கிறது, சக்கரம் சுழன்றுகொண்டே வேகம் குறைகிறது, ஹேண்டில் உங்கள் பேச்சைக் கேட்கிறது. நிற்கும் தூரம் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். மணலிலும் வைக்கோலிலும் சில சமயம் கூடவே செய்யும். விழாமல் நிற்பதுதான் ஆதாயம்.

வி1-க்கும் வி2-க்கும் ஏபிஎஸ் கிடையாது. 2018-ல் விற்ற வி3-க்கும் கிடையாது. இதைப் பலர் கவனிப்பதில்லை, “வி த்ரீ” என்றாலே ஏபிஎஸ் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலிலிருந்து. ஆகவே வி3 பார்க்கப் போகும்போது முதல் வேலை, முன்சக்கர டிஸ்க்குக்கு உள்ளே சின்னச் சின்ன ஓட்டைகளோடு இன்னொரு வளையம் இருக்கிறதா என்று பார்ப்பது. அடுத்தது, சாவி போட்டதும் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, வண்டி கொஞ்சம் உருண்டதும் அணைகிறதா என்று பார்ப்பது. சாவி போட்டும் எரியவே இல்லையென்றால் யாரோ விளக்கைச் செயலிழக்கச் செய்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

முதல்முறை கியர் வண்டி வாங்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையனுக்கு என் ஆலோசனை வளைத்துப் பேசாமல் இதுதான்: ஏபிஎஸ் இல்லாத ஆர்15 வேண்டாம். விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

வி3-லிருந்து வந்த சிலிப்பர் கிளட்ச்சும் இந்த இடத்தில் உதவுகிறது. ஆடு குறுக்கே வந்தால் மடமடவென்று இரண்டு மூன்று கியர் இறக்குவோம் இல்லையா, அப்போது இன்ஜின் இழுப்பில் பின்சக்கரம் துள்ளும். அந்தத் துள்ளலை இது தணிக்கிறது. கிளட்ச் பிடியும் இலேசாகிவிடுகிறது.

பின்சீட்டில் யார்?

நம் ஊரில் வண்டி ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. காலையில் கம்பெனி பஸ் நிற்கும் இடம் வரை தம்பி பின்னால் வருவான். ஞாயிறன்று அம்மாவை உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கோ காஞ்சிபுரம் முகூர்த்தத்துக்கோ கூட்டிப்போக வேண்டும். புடவை கட்டியவர் ஒருபக்கமாக உட்காருவார், மடியில் பை இருக்கும். வி2, வி3, வி4 மூன்றிலும் பின்சீட் உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பலகை. அம்மா ஏறவே ஒரு திண்ணை வேண்டும்.

வி1-ல் நீளமான ஒரே சீட், ஹேண்டிலும் அவ்வளவு தாழ்வு இல்லை. குடும்பத்து வண்டியாகவும் அது தாக்குப்பிடித்தது. சீட்டைப் பற்றிய முணுமுணுப்பு யமஹாவுக்கும் எட்டியிருக்க வேண்டும். 2015-ல் வி2 உடம்போடு ஒரே சீட் போட்ட ஆர்15எஸ் வந்தது. 2021 நவம்பரில் வி3 உடம்போடும் அதையே செய்தார்கள்: விவிஏ, சிலிப்பர் கிளட்ச், இரட்டை ஏபிஎஸ் எல்லாம் இருக்கும், சீட் மட்டும் மனிதர் உட்காரும்படி. பையன்களிடம் இதற்கு மவுசு இல்லை, “பின்னாடி பார்க்க நல்லால்லணே” என்பார்கள். அந்தச் சலிப்பினாலேயே இது கைக்கு வரும்போது கொஞ்சம் பேரம் பேச இடமிருக்கும். கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

ஓட்டுகிறவர் உடம்பையும் யோசிக்க வேண்டும். வி3-லும் வி4-லும் ஹேண்டில் தாழ்வு, சீட் உயரம் 815 மில்லிமீட்டர். குனிந்து உட்கார்ந்தால் உடல் பாரத்தில் ஒரு பங்கு மணிக்கட்டுக்கு வரும். வாரக் கடைசியில் ஓட்டினால் தெரியாது. பெருநகரிலிருந்து ஒரகடம் போய் எட்டு மணிநேரம் நின்று வேலை பார்த்து அதே குனிவோடு திரும்புகிறவருக்கு ஒரு மாதத்தில் தெரியும். அப்படிப்பட்டவர்கள் இதே 155 சிசி இன்ஜினோடு 2019-ல் வந்த எம்டி-15-ஐயும் ஒருமுறை ஓட்டிப்பாருங்கள். ஹேண்டில் அகலம், முதுகு நிமிர்ந்திருக்கும். அதன் தொடக்க கால வண்டிகளில் ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்ஜினைப் பார்ப்பது எப்படி

ஆர்எக்ஸ்100 காலத்து மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான ஒரு வைத்தியம் இருக்கிறது: இன்ஜின் தேய்ந்தால் லேத்தில் கொடுத்து போர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு மறுபடி ஓட்டுவது. ஆர்15-ல் இது நடக்காது. இதன் சிலிண்டர் டயாசில் என்ற வகை. உள்ளே இரும்பு ஸ்லீவ் கிடையாது. சிலிக்கான் கலந்த அலுமினியத்தில் முழுதாக வார்த்தது. வெப்பத்தை வேகமாக வெளியேற்றும், எடை குறைவு, உழைப்பும் நெடியது. ஆனால் சுவரில் கோடு விழுந்துவிட்டால் போர் செய்து பிழைக்கவைக்க முடியாது, சிலிண்டர் பிளாக்கையே மாற்ற வேண்டும். “போர் போட்டு புதுசாக்கிட்டேன்” என்று ஒருவர் ஆர்15-ஐ விற்க வந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இன்ஜின் நிலையைக் கண்டுபிடிப்பது மற்ற வண்டிகளைவிட இதில் முக்கியம். காலையில் போங்கள், இன்ஜின் ஆறியிருக்கும்போது. விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் அதுவே ஒரு தகவல். ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. குளிர்ந்த காலையில் வெண்ணிற ஆவி கொஞ்ச நேரம் வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. சூடான பிறகும் வெள்ளைப்புகை வந்து, அதில் இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் உள்ளே போகிறது. ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் பசை இருந்தால் ஆயிலும் கூலன்ட்டும் கலந்துவிட்டன. அந்த வண்டி வேண்டாம்.

கூலன்ட் விஷயத்தில் நம் ஊரில் நடக்கும் பெரிய அநியாயம், குறையும்போதெல்லாம் போர்வெல் தண்ணீரை ஊற்றுவது. கடினநீரின் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். ரிசர்வாயரில் நிறமற்ற தண்ணீரோ துருநிறமோ தெரிந்தால் யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். ரேடியேட்டர் முன்சக்கரத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. சேறு அங்கேதான் அடிக்கும். தகடுகள் மடங்கியிருக்கின்றனவா, சேறு அப்பியிருக்கிறதா பாருங்கள். பிறகு நின்ற இடத்திலேயே ஐடிலில் விட்டுக் காத்திருங்கள். ஃபேன் தானாகச் சுழலத் தொடங்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் தானாக நிற்க வேண்டும். தைப்பூசத்தன்று ஊர் ஊராய்ச் சாமிகள் செய்யாற்றுக்கு வரும்போது, பெருநகர் பிரம்மபுரீஸ்வரர் கோயில் பக்கம் கூட்டத்தில் நடை வேகத்தில் ஊர்ந்து பாருங்கள். ஃபேன் வேலை செய்யாத ஆர்15 பத்து நிமிடத்தில் வெப்ப எச்சரிக்கை விளக்கைக் காட்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள், முகத்தில் அடிக்கும்.

பெட்ரோலிலும் காலம் மாறிவிட்டது. இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு செய்த வண்டிகள் அதற்கேற்ற ரப்பர் பாகங்களோடு வருகின்றன. வி1, வி2 அந்தக் காலத்துக்கு முந்தியவை. வாங்கியதும் பெட்ரோல் ஓஸ்களை மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது, அதனால் மாதக்கணக்கில் நிறுத்திவைத்த பழைய வண்டியின் டேங்க்கில் கிடக்கும் பெட்ரோலை நம்பி இன்ஜெக்டருக்குள் விடாதீர்கள்.

வி4 பார்ப்பவர் முன் ஃபோர்க்கைக் குனிந்து பார்க்க வேண்டும். தலைகீழ் ஃபோர்க்கில் ஆயில் சீல் கீழ்ப்பக்கம் இருக்கிறது. டிப்பர் தூசி அங்கே ஒட்டிச் சீலை அறுக்கும். கசிந்தால் ஆயில் நேராக பிரேக் பக்கம் இறங்கும். சீலுக்குக் கீழே எண்ணெய்ப் பூச்சும் மண்ணும் சேர்ந்து வளையமாகப் படிந்திருந்தால் சீல் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

விழுந்த வண்டி, நனைந்த வண்டி

இந்த வண்டியை வாங்குபவர்கள் யார் என்பதை யோசித்தால், விழாத ஆர்15 அபூர்வம் என்பது புரியும். ஃபேரிங்கில் கீறல் இருப்பது குற்றமில்லை. சேசிஸ் வளைந்திருந்தால்தான் குற்றம். டெல்டாபாக்ஸை அடித்து நிமிர்த்திச் சரிசெய்துவிட்டதாகச் சொல்பவரை நம்பாதீர்கள். வண்டியை நேராக நிறுத்தி, பின்டயரின் இருபுறமும் ஒட்டியபடி முன்டயர் வரை நூல் பிடியுங்கள். முன்டயர் ஒல்லி என்பதால் நூல் அதைத் தொடாது. இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு பக்கம் விரல் நுழைந்து மறுபக்கம் நுழையவில்லையென்றால் ஏதோ வளைந்திருக்கிறது. ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் கட்டுப்பட்டு நின்றால் கோன்செட் போய்விட்டது, அது சின்னச் செலவு.

வேடம் போட்ட வண்டிகளும் உண்டு. வி2-வுக்கு வி3 நிற ஸ்டிக்கர், வி1-க்கு வி2 சீட், ஒல்லி ரிம்மில் திணித்த அகல டயர். கடைசியாகச் சொன்னது ஆபத்து: ரிம்முக்குப் பொருந்தாத டயர் நெளிந்து நிற்கும், செயினில் உரசும், பிக்கப்பும் மைலேஜும் விழும். எந்த வருடத்து வண்டி என்பதை ஸ்டிக்கரில் பார்க்காமல் ஆர்சியில் பாருங்கள். சத்தம் போடும் சைலன்சர் மாட்டியிருந்தால் கம்பெனி சைலன்சரையும் சேர்த்துக் கேளுங்கள். இல்லையென்றால் புதிதாக வாங்க வேண்டிவரும், ஏனென்றால் அந்தச் சத்தத்தோடு காஞ்சிபுரம் போக்குவரத்துப் போலீஸைத் தாண்ட முடியாது.

சென்னைப் பதிவெண் வண்டி மலிவாக வந்தால் இன்னொரு சோதனை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் முழுகிக் கிடந்தன. அவற்றில் பல துடைத்து மெருகேற்றி வெளியூர்களுக்கு வந்தன. பழைய கார்புரேட்டர் வண்டியென்றால் காயவைத்து ஓட்டலாம். இன்ஜெக்ஷன் வண்டிக்கு ஈசியு என்ற கட்டுப்பாட்டுக் கணினியும் சென்சார் இணைப்புகளும் உயிர். அவற்றுக்குள் போன சேற்றுநீர் உடனே காட்டாது, ஆறு மாதம் கழித்து நடுவழியில் காட்டும். சீட்டைக் கழற்றி ஒயரிங் இணைப்புகளைப் பாருங்கள், பச்சைநிறக் களிம்பு இருக்கிறதா என்று. முகப்பு விளக்குக்கு உள்ளே சேற்றுக்கோடு, சீட்டுக்கு அடியில் மூலைகளில் வண்டல், போல்ட்டுகளில் ஒரே சீரான துரு: மூன்றில் ஒன்று இருந்தாலும் திரும்பி வாருங்கள்.

யாருக்கு எது

என் வரிசை இது. தினமும் ஓட்ட ஒரே வண்டி வேண்டும், வீட்டாரையும் ஏற்ற வேண்டும் என்றால் 2021-க்குப் பிந்தைய ஆர்15எஸ். தனியாக ஓட்டுபவருக்கு ஏபிஎஸ் வந்த வி3. 2019-ன் பிஎஸ்4 வண்டி கிடைத்தால் அதுவே இன்ஜினின் உச்சமும்கூட. வி4-ஐப் பழையதாக வாங்குவதில் எனக்கு ஆர்வமில்லை; புது வண்டி விலைக்குப் பக்கத்தில் கேட்பார்கள், அதற்கு ஷோரூமுக்கே போய்விடலாம். வி2 மூன்றாவது கையில்கூட வேண்டாம்: ஏபிஎஸ்ஸும் இல்லை, சீட்டும் இல்லை, இன்ஜினும் புதிதில்லை. வி1 வேறு கதை. கை பழகியவர், வண்டியைத் தானே கழற்றிப் பூட்டத் தெரிந்தவர், ஆசைக்காக வைத்திருக்க நினைப்பவர் வாங்கலாம். அவருக்கு நான் எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை, காகிதத்தைத் தவிர.

காகிதம்

பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். 2008 முதல் 2011 வரை விற்ற வி1-கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன, அல்லது நெருங்கிவிட்டன. தாண்டிய வண்டியை ஆர்டிஓவில் காட்டி, பசுமை வரி கட்டி, பதிவை ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். அது விற்பவர் பெயரில் முடிந்த பிறகே பணம் கொடுங்கள். “நீங்களே பண்ணிக்கோங்கணே, ஈசிதான்” என்பது ஈசியில்லாத வேலைகளுக்குச் சொல்வது.

இன்ஷூரன்ஸில் தலைமுறை வித்தியாசம் ரூபாயாகத் தெரியும். மூன்றாம் நபர் காப்பீட்டில் 75 முதல் 150 சிசி வரை ஒரு கட்டணம், அதற்கு மேல் 350 சிசி வரை இன்னொன்று. 2022-ல் அறிவித்த விகிதப்படி முதலாவது 714 ரூபாய், இரண்டாவது 1,366 ரூபாய், வரி தனி. 149.8 சிசி வண்டி இந்தப் பக்கம், 155 சிசி வண்டி அந்தப் பக்கம். வெறும் 5 சிசியில் ஏறக்குறைய இரட்டிப்பு.

ஆர்சியில் கடன் கொடுத்த கம்பெனியின் பெயர் இருந்தால், அவர்களிடம் தடையில்லாச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கித் தரச் சொல்லுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. காஞ்சிபுரத்தின் டிஎன்-21 அல்லாத வண்டியென்றால், அது பதிவான ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று தேவையா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்சியோடு ஒப்பிட்டு, எம்-பரிவாகன் செயலியில் அபராதம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா பாருங்கள். வேக வண்டிகளுக்கு அது நிறையவே இருக்கும். வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். ஆர்சியை மாற்றிவிட்டு இதை மறந்துவிடுகிறவர்கள் பலர். உங்கள் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்குப் பணம் கேட்டுப் போகும்போது பாலிசியில் பழைய ஓனர் பெயர் இருந்தால் கம்பெனி கைவிரித்துவிடும்.